வானில் இல்லாத புள்ளிகள்



துபாய், ஷார்ஜா, தோஹா, குவைத், மஸ்கட் என்று சிதறிக் கிடந்தாலும் இந்தப் பக்கத்தில் நாள்தோறும் என்னைச் சந்திக்கும் உங்களுள் பலர், சில மாதங்களாக ஒரே கேள்வியை அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள். "சாமி, காலையில் நீங்கள் போடும் சூரிய உதயப் படம் ஏன் வருவதில்லை? உடல்நலம் எப்படி இருக்கிறது?" என்பதே அக்கேள்வி. உடல்நலத்திற்குக் குறைவில்லை, இறைவனுக்கு நன்றி. கேமராவும் பழுதாகவில்லை. உண்மைக் காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையோடு வாசியுங்கள்.

இதயத்தில் ஸ்டென்ட் வைத்த பின்னர், ஆயர் அவர்கள் மூன்று மாத ஓய்வுக்கு அனுமதி தந்ததை அறிவீர்கள். அந்த ஓய்வை 2024 ஜனவரி இறுதியிலிருந்து ஏப்ரல் இறுதிவரை சத்வாவில், தையற்கடை வைத்திருக்கும் என் அண்ணன் வீட்டில் கழித்தேன். சத்வாவை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. துணிக்கடைகள், தையற்காரர்கள், கார் இருக்கைகளுக்கு உறை தைப்பவர்கள், செடிகள் விற்கும் தெரு, அல் வஸ்ல் சாலையில் நீல ஓடுகள் பதித்த ஈரானியப் பள்ளிவாசல், 1978 முதல் இயங்கும் ரவி உணவகம். நாம் இன்னும் அல் தியாஃபா என்று பழைய பெயரால் அழைக்கும் சாலைக்கு, அமீரகம் உருவான நாளின் நினைவாக 2ஆம் டிசம்பர் சாலை என்று பெயர் மாற்றி ஆண்டுகள் பல ஆயின. ஆயினும் டாக்சியில் ஏறினால் நம் வாயில் தியாஃபாதான் வருகிறது. வானளாவிய கோபுரங்களின் காலடியில், மாடிப்படியில் செருப்புகள் குவிந்து கிடக்கும் பழைய கட்டடங்கள். ஓர் அறையில் ஆறு கட்டில், எட்டுக் கட்டில். நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் அங்கே 'பெட் ஸ்பேஸ்' வாடகையில் தங்கள் வாலிபத்தைக் கழித்திருக்கிறார்கள்.

மருத்துவர் காலையில் நடக்கச் சொல்லியிருந்தார். வெறுங்கையோடு நடப்பானேன் என்று, குருத்துவ வெள்ளிவிழாவுக்கு நீங்கள் அன்பளித்த அந்த டிஎஸ்எல்ஆர் கேமராவையும் எடுத்துக்கொண்டேன். அப்படித்தான் விடியலைப் படமெடுக்கும் பழக்கம் தொடங்கியது.

முத்துக்குளித்துறையில் பிறந்த நமக்குக் கதிரவன் என்றால் கடலிலிருந்து எழுபவன். மணப்பாட்டுக் குன்றின்மேல் திருச்சிலுவை ஆலயத்தருகே நின்றால், நீருக்கும் வானுக்கும் நடுவே அந்தச் செம்பிழம்பு மேலே வருவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்து வளர்ந்தோம். துபாயும் ஒருகாலத்தில் முத்துக்குளித்த கரைதான். ஜப்பானின் வளர்ப்பு முத்துகள் சந்தைக்கு வந்ததும் 1930களில் அந்தத் தொழில் சரிந்தது. ஆனால் அங்கே கடல் வடமேற்கில் இருக்கிறது. முதல் நாள் ஜுமைரா கடற்கரைக்குச் சென்று, பழக்க தோஷத்தால் கடலைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் காத்து நின்றேன். என் நிழல் எனக்கு முன்னால் மணலில் நீண்டு விழுந்தபோதுதான், சூரியன் என் முதுகுக்குப் பின்னால் கட்டடங்களுக்கு மேலே வந்துவிட்டதை உணர்ந்தேன். சிரிப்பு வந்தது. அன்றிலிருந்து பெரும்பாலும் அண்ணன் வீட்டு மொட்டை மாடியே என் இடமாயிற்று.

மாடியில் நின்று மூன்று மாதம் பார்த்ததில், பாடநூலில் படித்த ஒன்றைக் கண்ணால் கற்றேன். ஜனவரி இறுதியில் ஏழு மணிக்கு, உலக வர்த்தக மையத்தின் பழைய கோபுரம் இருக்கும் பக்கமாகச் சூரியன் எழுந்தது. ஏப்ரல் நடுவில் ஆறு மணிக்குச் சற்று முன்னரே, கராமாவின் பக்கமாக வெகுதூரம் இடப்புறம் நகர்ந்து எழுந்தது. அந்த அட்சரேகையில் டிசம்பருக்கும் ஜூனுக்கும் இடையே உதயப் புள்ளி அடிவானத்தில் ஐம்பது பாகைக்கும் மேல் நகர்கிறது. அதன் விளிம்பு தோன்றியதிலிருந்து முழுவட்டமும் வெளிவர ஏறத்தாழ இரண்டரை நிமிடமே ஆகிறது. இன்னொரு வியப்பு: அடிவானத்தைத் தொட்டபடி முழுவட்டத்தை நாம் காணும் அந்தக் கணத்தில், உண்மையில் அது இன்னும் அடிவானத்திற்குக் கீழேதான் இருக்கிறது. காற்றுமண்டலம் ஒளியை வளைத்து நம் கண்ணுக்கு முன்கூட்டியே கொண்டுவந்து தருகிறது. செக்கரியாவின் பாடலைக் காலை மன்றாட்டில் சொல்லும்போதெல்லாம் இது நினைவுக்கு வருகிறது. விடியல் நம்மைத் தேடி வருகிறது என்றுதானே அவர் பாடினார்?

தூசி இருந்தால்தான் வானம் சிவக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள், அப்படியன்று. வளைகுடாவின் தூசி துகள் பெரிது. வடமேற்கிலிருந்து ஷமால் காற்று வீசும் நாள்களில் சூரியன் வெள்ளித்தட்டு போல் நிறமின்றி எழும். நல்ல வண்ணம் வேண்டுமானால் தூய காற்றும் உயரத்தில் சிறிது மேகமும் வேண்டும். சூரியன் எழுவதற்கு இருபது, முப்பது நிமிடம் முன்பே மாடியில் இருக்கவும் வேண்டும். சூரியன் வந்தபின் ஓடுகிறவர்கள் தாமதமாய் வந்தவர்கள். திருப்பலிக்கு நற்செய்தி வாசகத்தின்போது வருகிறவர்களை நான் எதுவும் சொல்லவில்லை.

அங்கே மாடியில் கேமராவோடு நிற்கையில் ஒரு கவனம் தேவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறரை அவர் அனுமதியின்றிப் படமெடுப்பது அமீரகச் சட்டப்படி குற்றம். அண்டை வீட்டுப் பால்கனியும் அதில் உலரும் துணியும் நம் படத்திற்குள் வரலாகாது. சட்டம் இல்லாவிட்டாலும் அது மரியாதை.

இனி அந்தத் தம்பியைப் பற்றி.

அதே கட்டடத்தின் தரைத்தளத்தில், எட்டுக் கட்டில் போட்ட ஓர் அறையில் அவன் தங்கியிருந்தான். நம் பக்கத்து ஊர்ப் பையன். பெயரையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. ஒரு ஹோட்டல் சமையலறையில் இரவு வேலை. அதிகாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்து, உறங்கப்போகும் முன் காற்று வாங்க மாடிக்கு வருவான். நான் முக்காலியை விரித்துக்கொண்டிருப்பேன். முதலில் தொலைவில் நின்றான். பிறகு அருகில் வந்தான். பிறகு கேள்விகள் கேட்டான். ஆர்வமுள்ள பிள்ளை. ஒருமுறை சொன்னால் போதும், பிடித்துக்கொள்வான். வெளிச்சத்தைச் சூரியன்மேல் அளக்காமல் பக்கத்து வானத்தில் அளக்க வேண்டும், சூரியன் சுடரத் தொடங்கிய பின் வியூஃபைண்டர் வழியாகக் கண்ணை வைத்து அதைப் பார்க்கலாகாது, பார்வை போய்விடும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "சூரியனச் சுத்தி நட்சத்திரம் மாதிரி கதிர் வரும்லா, அது எப்பிடி சாமி?" என்று ஒருநாள் கேட்டான். "அப்பர்ச்சரை எஃப் 16க்கோ 22க்கோ கொண்டுபோ, துளை சிறுத்தால் கதிர் பிரியும்" என்றேன். இந்தச் சொல்லை நினைவில் வையுங்கள். நானே சொன்ன சொல் இது.

2024 ஏப்ரல் 16ஆம் நாள் பெய்த மழையை உங்களுள் மறந்தவர் யாருமிருக்க முடியாது. 1949இல் பதிவுகள் தொடங்கியபின் அமீரகம் காணாத மழை. அல் ஐன் பகுதியில் ஓரிடத்தில் ஒரே நாளில் 254 மில்லிமீட்டருக்கு மேல். விமான நிலையம் முடங்கியது. ஷேக் சாயித் சாலையில் கார்கள் மிதந்தன. சத்வாவில் எங்கள் சந்திலும் தண்ணீர் நின்றது. அண்ணன் கடைக்குள் நீர் புகாமலிருக்கத் துணிக்கட்டுகளை மேசைமேல் அடுக்கிக்கொண்டிருந்தோம். ஊரிலிருந்து எத்தனை அழைப்புகள்! தொலைக்காட்சியில் ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் காட்டியதில், துபாயே கடலுக்குள் போய்விட்டதென்று நம் தாய்மார்கள் ஜெபமாலையும் கையுமாய் அமர்ந்திருந்தார்கள்.

மழை ஓய்ந்த இரண்டாம் நாள், 18ஆம் தேதி. எனக்கு லேசான காய்ச்சல், படுத்திருந்தேன். அந்தத் தம்பி வந்து, "சாமி, இன்னைக்கு வானம் சுத்தமா இருக்கு. கேமராவத் தருவீங்களா? ஒரு அரமணி நேரம்" என்று கேட்டான். கொடுத்தேன். "படங்களை நான் கணினியில் ஏற்றி உனக்கு அனுப்புகிறேன்" என்றும் சொன்னேன்.

ஏழு மணிக்குக் கொண்டுவந்தான். முகமெல்லாம் மலர்ச்சி. மதினி கொடுத்த தேநீரைக்கூடக் குடிக்காமல், திரையில் ஒவ்வொன்றாய்க் காட்டினான். முப்பத்தைந்து படங்கள் இருக்கும். மாடியில் தொடங்கி, பின் சந்தில் இறங்கி எடுத்திருந்தான். அவற்றுள் மூன்று இன்றும் என் கண்ணில் நிற்கின்றன. சந்து முழுவதும் தேங்கிய நீரில் தலைகீழாய் நின்ற கோபுரங்கள், அவற்றின் நடுவே கதிர் விரித்த சூரியன். நனைந்த காரின் கூரைமேல் நான்கு காலையும் ஒடுக்கி அமர்ந்திருந்த ஒரு பூனை. பூட்டிய தையற்கடை வாசலில் மிதந்த ஒற்றைச் செருப்பு, அதைச் சுற்றி ஆரஞ்சு நிற வானம்.

நான் அவற்றைப் பார்க்கவில்லை. புள்ளிகளைப் பார்த்தேன். மேலே தெளிந்த வானத்தில், மங்கிய சாம்பல் நிறத்தில், ஏழு வட்டப் புள்ளிகள். அடுத்த படத்திலும் அதே இடத்தில், அதற்கடுத்ததிலும். என் முந்தைய நாள் படத்தைத் தள்ளிப் பார்த்தேன், அதில் ஒன்றுமில்லை.

"லென்ஸைக் கழற்றினாயா?"

"இல்ல சாமி."

"கீழே வைத்தாயா? தண்ணீர் தெறித்ததா?"

"இல்ல சாமி. கழுத்துலயேதான் கெடந்துச்சு."

"பின்னே இது எங்கிருந்து வந்தது? என்னிடம் பொய் சொல்லாதே."

இதை நான் அண்ணன், மதினி, அவர்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன். இருபத்தாறு ஆண்டுகளாக ஒப்புரவு அருளடையாளத்தில் அமர்ந்து, மனிதர் எதைச் சொல்லும்போது குரல் எப்படி இறங்கும் என்று கேட்டுப் பழகியவன் நான். அவன் குரல் இறங்கவே இல்லை. அது எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் சொன்னேன். அவன் என்னையே ஒரு கணம் பார்த்துவிட்டு, தேநீரை மேசைமேல் வைத்துவிட்டுப் படியிறங்கிப் போனான். அவன் சென்ற பின், கெட்டுப்போன படங்கள் எதற்கு என்று அத்தனையையும் அழித்தேன். நான் ஊர் திரும்பும் வரை பத்து நாள், அவன் மாடிக்கு வரவில்லை. நானும் தரைத்தளத்து அறையின் கதவைத் தட்டவில்லை.

செப்டம்பரில், திருச்சிலுவைத் திருவிழா மலருக்கு அட்டைப்படம் வேண்டியிருந்தது. தூத்துக்குடியில் ஸ்டுடியோ நடத்தும் ஒரு சகோதரரிடம் கேமராவைத் துப்புரவு செய்யக் கொடுத்தேன். அவர் முதலில் ஒரு சோதனை செய்தார். நீங்களும் செய்து பார்க்கலாம். அப்பர்ச்சரை எஃப் 22க்கு வைத்து, குவியத்தை வேண்டுமென்றே கலைத்து, வெள்ளைச் சுவரையோ தெளிந்த வானத்தையோ எடுங்கள்; கணினியில் பெரிதாக்கிப் பாருங்கள். சென்சாரின்மேல் தூசி இருந்தால் கரும்புள்ளியாய்த் தெரியும். எஃப் 4இல் எடுத்தால் தெரியாது. அகன்ற துளையின் வழியே ஒளி பல திசைகளிலிருந்தும் வந்து தூசியின் நிழலைக் கரைத்துவிடும். துளை ஊசிமுனையாய்ச் சுருங்கும்போது நிழல் கூர்மையாய் விழும். வானத்தை விட்டுத் தரையைப் படமெடுத்தால் அதே புள்ளி மண்ணிலும் புல்லிலும் மறைந்துபோகும். படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளி, உள்ளே சென்சாரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். ஏனெனில் பிம்பம் தலைகீழாகத்தான் விழுகிறது.

அவர் சொல்லச் சொல்ல எனக்குக் கைகால் குளிர்ந்தது. சத்வாவில் நான் எடுத்த விடியல்கள் எல்லாம் முக்கால் இருட்டில், எஃப் 4இல், 5.6இல் எடுத்தவை. எஃப் 16 வைத்து எடுத்தவன் அவன் ஒருவனே. அதுவும் நான் சொல்லித்தான்.

"எப்ப இருந்து இருக்கு சாமி?" என்று கேட்டார் ஸ்டுடியோக்காரர். கணினியில் தேடினேன். ஒவ்வொரு படத்திற்குள்ளும் தேதியும் நேரமும் துளையின் அளவும் பதிவாகியிருக்கும் அல்லவா? பிப்ரவரி நடுவில் ஈரானியப் பள்ளிவாசலின் நீல மாடத்தை நண்பகல் வெயிலில் எஃப் 16இல் எடுத்த படம் ஒன்று இருந்தது. வானம் மாசற்றிருந்தது. மார்ச் 20ஆம் தேதி கடற்கரையில் எஃப் 16இல் எடுத்த இன்னொரு படம். அதில் ஏழு புள்ளிகளும் அதே இடங்களில் இருந்தன. அவன் கேமராவைத் தொடுவதற்கு நான்கு வாரம் முன்பு.

இரண்டுக்கும் நடுவே என்ன நடந்தது என்பது உடனே நினைவுக்கு வந்தது. மார்ச் தொடக்கத்தில் ஒருநாள் ஜுமைரா கடற்கரையில் காற்று மணலை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. தொலைவில் ஒரு படகைக் கண்டு, நின்ற இடத்திலேயே, கேமராவின் வாயை வானத்திற்குக் காட்டிக்கொண்டு, லென்ஸை மாற்றினேன். ஓர் ஐந்து நொடி இருக்கும்.

நம் ஆண்டவர் தச்சரின் மகன். மத்தேயு நற்செய்தி ஏழாம் அதிகாரத்தில் துரும்பையும் மரக்கட்டையையும் பற்றி அவர் சொன்னபோது பட்டறையிலிருந்தே பேசினார் என்று எத்தனையோ முறை உங்களுக்கு மறையுரை ஆற்றியிருக்கிறேன். கிரேக்க மூலத்தில் 'கார்ப்போஸ்' என்றால் உலர்ந்த சிராய், 'தோக்கோஸ்' என்றால் கூரையைத் தாங்கும் உத்திரம் என்று சொல்விளக்கமும் தந்திருக்கிறேன். அந்த மறையுரைகளை நீங்கள் பாராட்டவும் செய்தீர்கள்.

ஸ்டுடியோக்காரர் என் மௌனத்தைக் கவனியாதவர் போல் வேலையைத் தொடர்ந்தார். அவர் செய்ததை உங்களுக்காக எழுதுகிறேன். மணலும் உப்பும் ஈரமும் சூழ்ந்த ஊர்களில் கேமரா வைத்திருக்கிறீர்கள். மின்கலம் நிறைந்திருக்கிறதா என்று பார்த்தார், ஏனெனில் நடுவில் மின்சாரம் தீர்ந்தால் உள்ளிருக்கும் கண்ணாடி வந்து விழும். மெனுவில் துப்புரவுக்கென உள்ள கட்டளையைக் கொடுத்துக் கண்ணாடியை மேலே தூக்கி நிறுத்தினார். கேமராவின் வாயைத் தரையை நோக்கிக் கவிழ்த்து, ரப்பர் ஊதியால் ஐந்தாறு முறை காற்றடித்தார். வாயால் ஊதவே கூடாது. எச்சில் துளி தூசியைவிடக் கெட்டது. டப்பாவில் அடைத்து விற்கும் அழுத்தக் காற்றும் வேண்டாம், அதிலிருந்து திரவம் தெறித்துப் படியும். பெரும்பாலான தூசி ஊதியிலேயே போய்விடும். என்னுடையதில் நான்கு போயின. மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன, கடற்காற்றின் உப்போடு சேர்ந்து. சென்சாரின் அகலத்திற்கே வெட்டப்பட்ட துடைப்பானில் இரண்டு சொட்டு திரவமிட்டு, ஒருபுறமிருந்து மறுபுறம் ஒரே இழுப்பு. திருப்பிப் பிடித்து இன்னோர் இழுப்பு. பிறகு அதை எறிந்துவிட்டார். நாம் துடைப்பது சென்சாரை அன்று, அதன் முன்னுள்ள வடிகட்டிக் கண்ணாடியை. ஆயினும் அதில் கீறல் விழுந்தால் செலவு பெரிது. கை நடுங்குபவர்கள் கடையில் கொடுப்பதே நல்லது. 2003இல் வந்த ஒலிம்பஸ் இ-1 முதல், தன்னைத் தானே அதிரவைத்துத் தூசியை உதறும் ஏற்பாடு கேமராக்களில் வந்துவிட்டது. அதை நம்பி அலட்சியமாய் இருந்துவிடாதீர்கள். உலர்ந்த தூசியை அது உதறும்; ஒட்டியதை உதறாது.

லென்ஸின் முன்கண்ணாடிக்கும் இதே ஒழுங்கு: முதலில் ஊதுங்கள், பிறகு மென்தூரிகை, இறுதியில்தான் மைக்ரோஃபைபர் துணி. மணல் இருக்கும்போது துணி வைத்தால் அது உப்புத்தாள் தேய்த்தது போலாகும். கடற்கரைக்குப் போய்வந்தால் நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியால் கேமராவின் உடலைத் துடையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லென்ஸ் வியர்க்கும். அப்போது துடைத்துத் துடைத்துப் பயனில்லை. அறையிலேயே ஒரு பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, வெளியே கொண்டுபோய் அரைமணி நேரம் வையுங்கள். கேமரா வெளிச்சூட்டுக்கு வந்தபின் திறங்கள். வியர்த்திருக்கையில் லென்ஸைக் கழற்றினால் ஈரம் உள்ளே போகும்; பிறகு பூஞ்சை வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றடிக்கும் இடத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள்.

கேமரா சுத்தமாயிற்று. அந்த முப்பத்தைந்து படங்கள்?

ஏழு புள்ளிகளையும் கணினியில் நீக்க ஒரு படத்திற்கு ஒரு நிமிடம் போதும். அதை ஸ்டுடியோக்காரரே எனக்குச் செய்து காட்டினார். அழித்த படங்களையும் மீட்கலாம் என்றார். அழித்தவுடன் அட்டையிலிருந்து படம் மறைவதில்லை, அதன்மேல் வேறொன்று எழுதப்படும்வரை அங்கேயே இருக்கும். உடனே அட்டையை எடுத்துத் தனியே வைத்துவிட்டால் மீட்பு மென்பொருளால் பெரும்பாலும் எடுத்துவிடலாம். நான் அதே அட்டையில் ஐந்து மாதம் திருமுழுக்கு, திருமணம், புதுநன்மை என்று நிரப்பி நிரப்பி அழித்திருந்தேன். அவர் முயன்று பார்த்தார். ஒன்றும் வரவில்லை.

குருக்களும் கேமராவும் என்றால் ஃபிரான்சிஸ் பிரவுன் என்ற அயர்லாந்து இயேசு சபையினரை நினைக்காமல் இருக்க முடியாது. 1912இல், குருப்பட்டம் பெறுவதற்கு முன், டைட்டானிக் கப்பலில் சவுத்தாம்ப்டனிலிருந்து குவீன்ஸ்டவுன் வரை பயணம் செய்து படங்கள் எடுத்தார். கப்பலில் பழகிய செல்வந்தத் தம்பதியர் நியூயார்க் வரை தங்கள் செலவில் அழைத்துச்செல்வதாகச் சொன்னதும், அனுமதி கேட்டுத் தந்தி அடித்தார். கப்பலை விட்டு இறங்கு என்று ஒரே வரியில் மேலாளர் பதிலளித்தார். இறங்கினார்; அவரும் பிழைத்தார், படங்களும் பிழைத்தன. மேலாளரின் கண்டிப்பு அந்தப் படங்களை உலகுக்குத் தந்தது. என் கண்டிப்பு செய்தது வேறு.

ஒரு சகோதர குருவிடம் சென்று ஒப்புரவு அருளடையாளம் பெற்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "கடவுளிடம் சொல்லிவிட்டீர். அந்தப் பையனின் தொலைபேசி எண் இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் வழியாக எண் கிடைத்தது. இப்போது அவன் ஃபுஜைராவில் வேலை செய்கிறான். தயங்கித் தயங்கி அழைத்தேன். பெயரைச் சொன்னதும், "சாமி! நெஞ்சு வலி எப்பிடி இருக்கு?" என்றுதான் முதலில் கேட்டான். புள்ளிகள் என்னால் வந்தவை, அவன்மேல் தவறில்லை, அவனைப் பொய்யன் என்றதற்கு மன்னிப்புக் கேட்கிறேன் என்று சொல்லி முடித்தேன். சற்று நேரம் பின்னணியில் பாத்திரங்களின் ஓசை மட்டும் கேட்டது.

"அது போவட்டும் சாமி. அந்தப் படம் இருக்கா? அம்மா அன்னைக்கு ரொம்பப் பயந்து போயிருந்தாவ. என் போன்ல தண்ணி போயிட்டு, வீடியோவும் வரல. நல்லா இருக்கேன்னு சொன்னா நம்ப மாட்டேன்னுட்டாவ. சாமி அனுப்புவாவ, பாருன்னு சொல்லி வச்சிருந்தேன்."

அழித்துவிட்டேன் என்று சொன்னேன். வேறு எப்படிச் சொல்வது?

"சரி சாமி. ஆர்டர் வந்துட்டு. பெறவு பேசுதேன்" என்றான்.

அதன்பின் எனக்குக் காலையில் கேமராவை எடுக்கக் கை வரவில்லை. நீங்கள் கேட்ட கேள்விக்கு விடை அதுதான்.

அக்டோபரில் ஒரு மாலை அவன் தாயைப் பார்க்கச் சென்றேன். கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீடு. நடந்ததை மறைக்காமல் சொன்னேன். படம், புள்ளி, சென்சார் எதுவும் அந்த அம்மாவுக்குப் பொருட்டாக இல்லை. கருப்பட்டிக் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டு, "அந்த மழைக்கு மறுநாளு நீங்க அவனக் கண்ணால பாத்தீயளா சாமி? எப்பிடி இருந்தான்?" என்று கேட்டார்கள். நீரில் நனைந்த கால்சட்டையை முழங்கால்வரை மடித்திருந்தான், முகம் மலர்ந்திருந்தது, படங்களைக் காட்டும்போது கை நடுங்கியது என்று எனக்கு நினைவிருந்ததையெல்லாம் சொன்னேன். அந்த மூன்று படங்களையும் சொன்னேன். பூனையைப் பற்றி இரண்டாம் முறை கேட்டுச் சிரித்தார்கள். நான் எழுந்தபோது, "இன்னும் கொஞ்சம் இருங்க சாமி" என்றார்கள். இருந்தேன்.

சென்ற ஞாயிறு அதிகாலை ஃபுஜைராவிலிருந்து ஒரு படம் வந்தது. அமீரகத்தின் அந்தப் பக்கம் கடல் கிழக்கே இருக்கிறது. நம் ஊரைப் போலவே சூரியன் நீரிலிருந்து எழுகிறது. "நம்ம ஊரு மாதிரியே இருக்கு சாமி" என்று எழுதியிருந்தான். கைபேசியில் எடுத்த படம். லென்ஸில் சமையலறை எண்ணெய் படிந்திருக்க வேண்டும். சூரியனைச் சுற்றி மங்கலான வளையம், அடிவானம் சற்றே சாய்ந்திருக்கிறது. திருத்தித் தரட்டுமா என்று கேட்க விரல் போனது, நிறுத்திக்கொண்டேன். எங்கள் பங்கு மக்களுக்குக் காட்டலாமா என்று மட்டும் கேட்டேன். பெயர் போடாமல் போடுங்கள் என்றான்.

இத்துடன் இணைத்திருக்கும் படம் அதுதான்.